ஆடு தின்ற நாலாவது வரி

மரவள்ளிக்கிழங்கு வயிற்றில் இருக்கும்வரை கல். இறங்கிவிட்டால் வெறும் காற்று. அன்று காலை எனக்கு இரண்டும் சேர்ந்து இருந்தன. மேல்வயிறு கனத்தது, கீழ்வயிறு இழுத்தது. ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அந்த ஆஸ்பத்திரிக்கு டிரெசர், மருந்து கட்டுகிற ஆள், நான்தான். தேவதாஸ் என்று பெயர். கால் புட்டி அயோடின், இரண்டு கொயினா மாத்திரை, ஒரு மூட்டை சுண்ணாம்புத்தூள். ஜப்பான்காரன் வந்த பிறகு என் வைத்தியம் இவ்வளவுதான்.

"டிரெசரே, எழும்பு. சாவுறதா இருந்தா சாயந்திரம் சாவலாம்."

வாசலில் மயிலக்கா நின்றாள். புல்வெட்டுக் கூட்டத்து மயிலம்மாள். நாற்பது வயது, சாக்குத்துணிப் பாவாடை, காதில் தோட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் போன வருடம் காணாமற்போன உப்பு மூட்டையை, எந்த வீட்டுப் பிள்ளைகள் அடிக்கடி தண்ணீர் கேட்கின்றன என்று பார்த்தே கண்டுபிடித்தவள் அவள். அன்றிலிருந்து தோட்டத்தில் எது தொலைந்தாலும் முதலில் மயிலக்காவிடம்தான் வருவார்கள். நான் அவளுக்கு எடுபிடி. சம்பளம் கிடையாது, ஏச்சு உண்டு.

"அந்தோணிய அவன் எழுதலக்கா," என்று படுத்தபடியே சொன்னேன். பசியில் வார்த்தை குழறியது.

"என்ன உளர்றே?"

"அந்தோணி அத எழுதலன்னு சொல்ல வந்தேன்."

"அது எனக்குந் தெரியும். யாரு எழுதினான்னு தெரியணும். லாரி வர்றதுக்குள்ள."

விஷயம் இதுதான். சயாமில் ரயில் பாதை போட எங்கள் தோட்டத்திலிருந்து இருபது ஆள் வேண்டும் என்று உத்தரவு. முந்தின நாள் சீட்டுக் குலுக்கினார்கள். இருபதாவது சீட்டில் தங்கராஜு பெயர் வந்தது. தங்கராஜு, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி இராஜமாணிக்கத்தின் மச்சான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்துக்கு எல்லாமே அந்தக் கிராணிதான். பதினோராவது சீட்டில் வந்த பெயர் முருகையா, மயிலக்காவின் தம்பி. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று விடியற்காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும்போது, களத்து மழைமரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பாட்டு. கிராணியே உரக்கப் படித்தார்.

*கொக்கைப்போல் வெள்ளைத்துரை கும்பிட்டுப் பறந்துவிட்டான்,*
*பக்கத்தில் குள்ளத்துரை பல்லிளித்து வந்துவிட்டான்,*
*அக்கக்காய்ப் பால்வடிக்கும் அந்திமரம் போலழுதோம்…*

அவ்வளவுதான் இருந்தது. ஒட்டின பசை மரவள்ளி மாவு. வேலையை மேற்பார்க்கிற மண்டோரின் ஆடு அடிப்பக்கத்தைக் கடித்துத் தின்றுவிட்டது. "நான் பாக்கறதுக்கு முன்னாடியே நாலாவது வரி ஆட்டு வயித்துக்குப் போயிடுச்சு," என்று கிராணி அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். பிறகு, பால்வெட்டுக்காரர்களில் எழுதத் தெரிந்தவன் அந்தோணிதாஸ் ஒருவன்தான் என்றார். அவனை ஸ்டோரில் பூட்டச் சொன்னார். காகிதத்தை ஜப்பான்காரனிடம் கொடுத்தால் அந்தோணியின் தலை போய்விடும் என்றும், தான் இரக்கப்பட்டு அவனைத் தங்கராஜுவுக்குப் பதிலாகச் சயாமுக்கு அனுப்பப் போவதாகவும் சொன்னார்.

லாரி டோக்கியோ மணி பன்னிரண்டுக்கு வரும். எங்கள் பழைய மணிக்கு அது பத்தரை. மணியைக்கூடக் கொண்டுபோய்விட்டார்கள்.

"கிராணிக்கு என்னிக்கு இரக்கம் வந்திச்சு?" என்றாள் மயிலக்கா. "வா, நட."

---

நடந்துகொண்டே மூன்று வரியையும் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை என்றாள். மூன்றாவது தடவை சொல்லும்போது கையை நீட்டி நிறுத்தினாள்.

"என்ன மரம்?"

"அந்திமரம். அக்கக்காய்ப் பால்வடிக்கும் அந்திமரம் போலழுதோம். இதுக்கு உவமைன்னு பேருக்கா. 'போல்'னு வந்தா உவமை."

"பேரு கெடக்கட்டும். பொய்யா நெசமா?"

"உவமைல பொய் இருக்கலாம்."

"பொய் இருக்கலாம். தெரியாத்தனம் இருக்கக்கூடாது." வேலியோரம் நின்ற கித்தா என்கிற ரப்பர் மரத்தைத் தட்டினாள். "கொக்கு சரி. தொரை வெள்ளைக் கால்சட்டைய தூக்கிப் புடிச்சிக்கிட்டு ஓடினத நானே பாத்தேன். பல்லிளிச்சதும் சரி. இந்த அந்திமரம் எங்கேருந்து வந்திச்சு?"

எனக்கு மரம் என்றால் நிழல்.

ஸ்டோரின் கம்பி ஜன்னலில் அந்தோணிதாஸின் முகம் தெரிந்தது. ஒன்பது வயதிலிருந்து பால்வெட்டு உளி பிடித்தவன். உதடு கிழிந்திருந்தது. மண்டோர் கைவண்ணம்.

"அந்தோணி, பாலு எப்ப வடியும்?" என்று கேட்டாள் மயிலக்கா.

"என்னக்கா கேள்வி இது? அடி வாங்கினது நானு, புத்தி கலங்கினது ஒனக்கா?"

"சொல்லுடா."

"விடியறதுக்கு முன்னாடி கோடு போட்டா சொட்டு சொட்டா வடியும். வெயில் ஏறினா நின்னுடும். மத்தியானம் கோடு காஞ்சி ஒட்டுப்பாலாயிடும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும் லா."

"அந்தியில?"

"அந்தியில மரத்துக்கிட்ட எவன் போவான்? குளிச்சிட்டு லயத்து வீட்டுல கெடப்போம்."

"நீதான் அந்தப் பாட்ட எழுதினேன்னு கிராணி சொல்றாரு."

அந்தோணி கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உதட்டில் ரத்தம் வந்தது. "நான் எழுதியிருந்தா அடியில பேர் போட்டிருப்பேன்க்கா. பேர் போடாத பாட்டு கூலிக்காரன் பாட்டில்ல."

---

பிள்ளைகளைப் பார்க்கிற ஆயாக்கொட்டகையில் பஞ்சாலையும் ராக்கம்மாவும் காய்ந்த மரவள்ளியை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே உரல், இரண்டு உலக்கை. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். பாட்டும் அப்படித்தான். ஒருத்தி ஒரு வரி போடுவாள். அந்த வரி எந்தச் சத்தத்தில் தொடங்கியதோ அதே சத்தத்தில் மற்றவள் அடுத்த வரியை எடுக்க வேண்டும். யோசித்து நின்றால் உலக்கையும் உலக்கையும் மோதும். மோதவிட்டவள் மிச்சத்தைத் தனியாக இடிக்க வேண்டும். தோட்டத்தில் பாட்டு என்று பிறந்த எல்லாமே அந்த உரலடியில் பிறந்ததுதான்.

*மண்டோரு மீசையில மாவு ஒட்டிருக்கு* என்று போட்டாள் பஞ்சாலை.

*மாவு எங்க கெடச்சிதின்னு மாமியாளக் கேளுங்கடி* என்று எடுத்தாள் ராக்கம்மா.

மயிலக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். "கேட்டியா? அவ 'ம' போட்டா, இவ 'மா' எடுத்தா."

"இதுக்கு மோனைன்னு பேரு."

"ஒனக்கு எல்லாத்துக்கும் பேரு தெரியுது, பேதிக்கு மருந்துதான் தெரியல. இப்ப அந்தக் காயிதத்தப் பாரு. கொக்கு, கும்பிட்டு. பக்கம், பல்லு. அக்கக்கா, அந்தி. ஒவ்வொரு வரியும் தானே போட்டுத் தானே எடுத்துக்குது. அடுத்த ஆளுக்கு எடமே வைக்கல."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கொக்கை, பக்கத்தில், அக்கக்காய். இரண்டாம் எழுத்தும் வரிக்கு வரி ஒத்துப்போகிறது. எதுகை. உலக்கை ஏறி இறங்கும் நேரத்தில் இவ்வளவு சோடிக்க முடியாது. இதைச் செய்தவன் தனியாக உட்கார்ந்து, எழுதி, அடித்து, திரும்ப எழுதியிருக்கிறான்.

"நாற்காலி இருக்கிற ஆளு," என்றேன்.

"வயிறு நெறஞ்ச ஆளு," என்றாள் அவள். "காலையில வடியிற பால ஏன் அந்தியில வடியவுட்டான்?"

"அக்கக்காய்னு தொடங்கிட்டான். 'அ'வுக்கு சோடி வேணும். 'அந்தி' கிடைச்சிது."

"பாட்டு நல்லாருக்கணும்னு மரத்தோட நேரத்தையே மாத்திட்டானா?" என்றாள். "ஜப்பான்காரனாவது மணியத்தான் மாத்தினான்."

கித்தா மரத்தை அந்தியில் மட்டும் பார்க்கிற ஆட்கள் ஏழாங்கட்டையில் மூன்று பேர். கடைக்கார ஆறுமுகம், கிராணி, நான். ஆறுமுகத்துக்குக் கைநாட்டு. மயிலக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"நானில்லக்கா. எனக்கு மோனையே வராது, பேதிதான் வரும்."

"தெரியும். நீ எழுதியிருந்தா 'அ'வுக்கு அவிச்ச கெழங்குன்னு போட்டிருப்பே."

தினமும் சாயந்திரம் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு, பால்மரக் காட்டு ஓரம் காற்று வாங்கப் போகிறவர் ஒருவர்தான் மிச்சம். துரை காலத்தில் பத்திரிகைக்குக் கவிதை அனுப்பி, அச்சாகி வந்ததைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டியவர். மச்சானுக்குப் பதிலாக அனுப்ப ஒரு குற்றவாளி வேண்டியிருந்தவரும் அவர்தான்.

"ஆனா இத எப்படிக்கா நிரூபிக்கிறது? அந்தியில பால் வடியாதுன்னு ஜப்பான்காரன்கிட்ட போய்ச் சொல்றதா? அவனுக்கு உவமையும் ஒண்ணுதான், உப்புமாவும் ஒண்ணுதான்."

"ஜப்பான்காரன்கிட்ட யாரு போறா?" என்றாள் மயிலக்கா. "நாம பாட்டு கட்டினவன்கிட்ட போவோம். பாட்டு கட்டினவனுக்குத் தாங்காத வலி ஒண்ணு இருக்கு."

---

ஆபீஸ் சுவரில் 2603ஆம் வருட ஜப்பான் காலண்டர். அதற்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட கவிதை. மேசைக்குப் பின்னால் கிராணி இராஜமாணிக்கம், சலவைச் சட்டை, மூக்குக்கண்ணாடி. எதிரே பட்டியல். தங்கராஜு என்ற பெயரின் மேல் கோடு கிழித்து, அருகில் அந்தோணிதாஸ் என்று எழுதியிருந்தது. மை இன்னும் மின்னியது.

"என்ன மயிலு? தம்பிக்காக வந்தியா? சீட்டுல விழுந்தது, நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"தம்பிக்காக வரலீங்க. அந்தப் பாட்டு லயம் பூரா பரவிடுச்சு. பொம்பளைங்க வாய அடைக்க முடியல. தாக்கல் சொல்லலாம்னு வந்தேன்."

கிராணி பேனாவை வைத்தார். "பரவிடுச்சா?" அதட்டலாகத்தான் கேட்டார். ஆனால் காது முன்னால் வந்தது.

"ஆமாங்க. மூணு வரியும் அச்சு மாதிரி பாடுறாளுங்க. நாலாவத ஆடு தின்னுடுச்சில்ல, அதனால அவளுங்களே ஒண்ணு போட்டுக்கிட்டாளுங்க."

"என்னன்னு?"

மயிலக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, வேண்டுமென்றே இழுத்துப் பாடினாள்.

*கொக்கைப்போல் வெள்ளைத்துரை கும்பிட்டுப் பறந்துவிட்டான்… ஓடிப்போய் எல்லாரும் காட்டுல ஒளிஞ்சிக்குங்க.*

கிராணியின் முகம் எலுமிச்சம்பழம் கடித்ததுபோல் சுருங்கியது.

"என்ன கண்றாவி இது?"

"நல்லாத்தான இருக்கு?"

"நல்லாவா? எதுகை எங்க போச்சு? மூணு வரியும் 'க்'குல நிக்குது, நாலாவது 'டி'ல போய் விழுதே. மோனையும் இல்ல. தூணு மூணு தேக்கு, நாலாவது வாழை மாதிரி."

"பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்? நம்ம டிரெசரு படிச்சவரு, இதான் சரின்னுட்டாரு."

"ஆமாங்கையா," என்றேன். "ஓடிப்போய்ங்கிறது இயற்கையா வருது. ஓட்டமா இருக்கு."

"ஓட்டமா? நீயெல்லாம் ஆறாங்கிளாசா?" மேசையைத் தட்டினார். "'சிக்காமல்'னு எடுக்கணும்யா. சிக்காமல் காடேறு, சிங்கம்போல் வாழ்தோழா. இப்படி நின்னாத்தான் வரி. கேட்டியா? சிக்கா, சிங்கம். கொக்கை, பக்கம், அக்கக்காய், சிக்காமல். எப்படிப் பூட்டு விழுந்த மாதிரி…"

நிறுத்தினார்.



"நல்ல வரி," என்றாள் மயிலக்கா மெதுவாக. "ஆனா அது ஆட்டு வயித்துல இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க. பாக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சின்னு."

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மூளை, உடனே தேறிவிட்டார். "இலக்கணம் தெரிஞ்சவன் யாரும் ஊகிக்கலாம். எதுகைக்கு 'சிக்கா' வரும், மோனைக்கு 'சி' வரும். இது ஒரு சாட்சியா? போ, போய்ப் புல்லு வெட்டு."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பொறி உடைந்தது என்றே நினைத்தேன்.

மயிலக்கா மடியை அவிழ்த்தாள். கசங்கி, ஈரமாகி, பல்தடம் பதிந்த ஒரு காகிதத் துண்டு.

"விடிகாலையில புல்லுக்குப் போறப்போ ஆடு எதையோ மென்னுக்கிட்டிருந்திச்சு. பசையில மாவு வாசனை. எனக்கும் பசி. வாயைப் பொளந்து புடுங்கினேன். திங்க முடியாதுன்னு மடியில வச்சேன். என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே." துண்டை என்னிடம் நீட்டினாள். "தாஸு, நீ படி."

இத்தனை நேரம் என்னோடு நடந்தவள், இதை எனக்குக்கூடக் காட்டவில்லை. பிரித்தேன். பாதி கூழாகியிருந்தது. மிச்சம் தெளிவாக இருந்தது.

"சிக்காமல் காடேறு, சிங்கம்போல் வாழ்…"

"காடேறுன்னு கூடவா இலக்கணம் சொல்லுது?" என்று கேட்டாள் மயிலக்கா.

---

கிராணி எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது சலவைச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

"என்ன வேணும்?"

"அந்தோணி வெளிய வரணும்."

"சரி."

"அது நாயம். அதுக்கு நான் கேக்கவே வேண்டியதில்ல. இனிமேதான் கேக்கப் போறேன்." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த ஆபீசில் ஒரு கூலிக்காரி உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். "ஜப்பான்காரன் எதுக்குப் பயப்படுவான், டிரெசரே?"

"வாந்திபேதிக்கு. அந்தப் பேரக் கேட்டா துப்பாக்கியைப் போட்டுட்டு ஓடுவான்."

"ஆஸ்பத்திரியில சுண்ணாம்பு இருக்கா?"

"ஒரு மூட்டை."

கிராணிக்குப் புரிந்துவிட்டது. "பைத்தியமா? பொய்ன்னு தெரிஞ்சா என் தலையும் போகும், இவன் தலையும் போகும்."

என் தலை அந்தக் கணக்கில் இருந்தது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"இந்தக் காயிதம் போனா ஒங்க தலை மட்டும்," என்றாள் மயிலக்கா. "எத்தன பேர பேதியில போட முடியும்?"

"ஒருத்தன்… ரெண்டு பேர்."

"இருபது."

"இருபதுன்னா போர்டிக்சன் டவுன்லருந்து டாக்டரே வருவான். கேள், மயிலு. ஒருத்தனுக்கு இன்னொருத்தன்னா அவன் கவனிக்க மாட்டான். ஆள் குறைஞ்சா பட்டியல் பாப்பான். நகல் நேத்தே போயிடுச்சு, ஒவ்வொருத்தனும் எந்த லயம்னு அதுல இருக்கு. ஒரு லயத்தைப் பூட்டினேன்னு சொல்லலாம். ரெண்டாவதைச் சொன்னா நம்ப மாட்டான்."

மயிலக்கா பட்டியலை என் பக்கம் தள்ளினாள். எண்ணினேன். மூன்றாம் லயத்தில் ஏழு பேர். மற்ற எந்த லயத்திலும் அத்தனை இல்லை. இரண்டாம் லயத்தில் ஐந்து. அந்த ஐந்தில் முருகையா.

எண்ணிக்கையை மட்டும் சொன்னேன். மிச்சத்தை அவளே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஈர்க்குச்சியை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

"மூணாம் லயம்," என்றாள். "எழுதுங்க."

"என் மச்சான்…" என்றார் கிராணி. "தங்கராஜு எங்க வீட்டுல இருக்கான். மூணாம் லயத்துல இல்ல."

"என் தம்பியும் இல்ல."

மூன்றாம் லயத்தில் வாந்திபேதி என்று அவர் எழுதினார். முத்திரை வைத்தார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

---

டோக்கியோ மணி பன்னிரண்டே கால். லாரி வந்தது. மூன்றாம் லயத்து வாசல்களில் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பு. உள்ளே அந்தோணியும் சேர்ந்து முனகிக்கொண்டிருந்தான். சர்ச்சில் பாடின குரல், முனகலிலும் ராகம் இருந்தது.

"கொலரா," என்றார் கிராணி, தலை தாழ்த்தி.

"கொரேரா?" ஜப்பான்காரன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். லாரியை விட்டு அதற்குமேல் அவன் நகரவில்லை. மற்றவர்களைச் சீக்கிரம் ஏற்றச் சொல்லிக் கத்தினான்.

பதின்மூன்று பேர் ஏறினார்கள். தங்கராஜு அழுதுகொண்டே ஏறினான். முருகையா திரும்பிப் பார்க்காமல் ஏறினான்.

அப்போது ஆயாக்கொட்டகையில் உலக்கை விழத் தொடங்கியது. பஞ்சாலை போட்டாள், ராக்கம்மா எடுத்தாள், பிறகு உரல் இல்லாத பெண்களும் எடுத்தார்கள். கொக்கைப்போல் வெள்ளைத்துரை. பக்கத்தில் குள்ளத்துரை. மூன்றாவது வரியில் நான் காதைத் தீட்டினேன். அவர்கள் அதைச் சரிபண்ணியிருந்தார்கள்.

*அக்கக்காய்ப் பால்வடிக்கும் அதிகாலை மரம்நாங்கள்…*

"'போல்' எங்கக்கா?" என்று கிசுகிசுத்தேன். "உவமைய எடுத்துட்டீங்களே. இது உருவகமாயிடுச்சு."

"போல் எதுக்கு? நாமதான் அந்த மரம். அழுதோங்கிறதையும் எடுக்கச் சொன்னேன்."

நாலாவது வரி மட்டும் மாறவில்லை. சிக்காமல் காடேறு, சிங்கம்போல் வாழ்தோழா. அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உரக்க. புக்கிட் பெலண்டோக் ஊரைத் தாண்டினால் பாதை இருபுறமும் காடு. லாரி அங்கே மேடு ஏறும்போது நடை வேகத்துக்கு வந்துவிடும், குதித்து ஓடலாம். தோட்டத்தில் அது தெரியாதவர் இல்லை. லாரியில் முருகையா இப்போதுதான் தலையைத் தூக்கினான். ஜப்பான்காரன் ஒன்றும் புரியாமல், பூட்ஸ் நுனியால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். கிராணி தன் வரியைத் தானே கேட்டுக்கொண்டு நின்றார்.

லாரி திரும்பி, தூசி அடங்கும்வரை மயிலக்கா அசையவில்லை. பிறகு கிராணியின் எதிரே போய் நின்றாள். காகிதத் துண்டை மடியில் செருகி இறுக்கி முடிந்தாள்.

"இத ஒங்ககிட்ட குடுப்பேன்னு நெனைக்காதீங்க," என்றாள். "ஏழு பேர் இருக்காங்க. பதின்மூணு பேர் போயிட்டாங்க. தங்கராஜுவும் அதுல ஒருத்தன், என் தம்பியும் ஒருத்தன். பட்டியல் எழுதினது ஒங்க கை. நீங்க எங்களுக்குப் பதின்மூணு ஆளு பாக்கி, கிராணி ஐயா."